பழைய மூக்கு லாரியில் மேட் பெயின்ட் கெட்டால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

டாடா 1210, பெட்ஃபோர்ட், ஃபார்கோ மாதிரி பழைய மூக்கு லாரிகளை வாங்கிச் சீர்செய்து வைத்துக்கொள்கிறவர்கள் பலர் கேட்பது பளபளப்பே இல்லாத மேட் ஃபினிஷ். அந்த வண்டிகளின் உருண்ட மட்கார்டுக்கும் நீண்ட பானட்டுக்கும் அது நன்றாகவே பொருந்துகிறது. தகட்டில் இருக்கும் சிறு மேடுபள்ளமும் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் மேட் பெயின்ட்டை மேலோட்டமாகத் தேய்த்துச் சரிசெய்ய முடியாது. பளபளப்பான பெயின்ட்டில் கீறல் விழுந்தால் 2000 நம்பர் உப்புத்தாள் (பேப்பர்) போட்டுத் தேய்த்து, காம்பவுண்ட் வைத்து பஃப் அடித்தால் போய்விடும். மேட்டில் அதையே செய்தால் தேய்த்த இடம் மட்டும் மினுக்க ஆரம்பிக்கும், அப்புறம் அந்தப் பேனலையே முழுதாக அடிக்க வேண்டியதுதான். அதனால் காரணம் தெரியாமல் கை வைக்காதீர்கள். எங்கள் ஷெட்டுக்குத் திரும்பத் திரும்ப வருகிற கோளாறுகளை வைத்து, ஒவ்வொரு அறிகுறிக்கும் செலவில்லாத காரணத்திலிருந்து ஆரம்பித்து எழுதியிருக்கிறேன்.

## எதற்கும் முன்னால்: மேலே இருப்பது என்ன பெயின்ட்?

இது தெரியாமல் கீழே உள்ள எதையும் செய்ய வேண்டாம். கதவின் உள்விளிம்பு மாதிரி வெளியே தெரியாத ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். வெள்ளைப் பருத்தித் துணியில் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னரை நனைத்து அங்கே அரை நிமிடம் அழுத்தி வைத்து, பிறகு துடையுங்கள்.

நிறம் கரைந்து துணியில் தாராளமாக வந்தால் அது டூக்கோ என்று சொல்லும் என்.சி. பெயின்ட். பெயின்ட் சுருங்கி, தோல் மாதிரி எழும்பினால் சிந்தெடிக் எனாமல். ஒன்றுமே ஆகாமல், துணியும் சுத்தமாக இருந்தால் ஹார்ட்னர் (பெயின்ட்டை இறுக்கும் மருந்து) கலந்து அடித்த 2கே பி.யு., அதாவது இரண்டு பாகமாக வந்து கலக்கும் பாலியூரிதேன் பெயின்ட். துணியில் நிறம் லேசாக வந்து, கை வைத்தால் சாக்பீஸ் மாதிரி வறண்டு இருந்தால், அடிப்பூச்சான பிரைமரோடு நிறுத்திய வண்டியாக இருக்கலாம். அப்படியானால் நேராகத் துரு பற்றிய பகுதிக்குப் போங்கள்.

இங்கேயே இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 2கே ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. அதன் பனி நுரையீரலுக்குள் போனால் ஆஸ்துமாவை உண்டாக்கும். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு கொஞ்சம் பட்டாலும் மூச்சு திணறும். முகத்தில் கட்டும் துண்டும் மருந்துக்கடை மாஸ்க்கும் இதைத் தடுக்காது. வெளியிலிருந்து சுத்தமான காற்று குழாய் வழியாக வரும் மாஸ்க் இல்லாதவர்கள் 2கே அடிக்கும் வேலையைத் தகுந்த ஷெட்டுக்கே விட்டுவிடுங்கள். பழைய லாரிகளின் மஞ்சள், சிவப்பு அடுக்குகளில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். அவற்றை உலர்வாகத் தேய்த்துத் தூள் பறக்க விடாமல், தண்ணீர் தொட்டுத் தேய்த்து, சேற்றை அள்ளித் தனியாக அப்புறப்படுத்துங்கள். குழந்தைகள் விளையாடும் முற்றத்தில் இந்த வேலையே கூடாது.

## அறிகுறி: அங்கங்கே மினுக்குகிறது

### கை, முழங்கை, துணி படுகிற இடத்தில் மட்டும்

கதவுக் கைப்பிடியைச் சுற்றி, டிரைவர் முழங்கை வைக்கும் ஜன்னல் விளிம்பில், பானட்டைத் தூக்கப் பிடிக்கும் முனையில் வரும். முதல் சந்தேகம் எண்ணெய்ப் பிசுக்கு. காரம் இல்லாத ஷாம்புவை நிறையத் தண்ணீரில் கலந்து, மைக்ரோஃபைபர் துணியால் அழுத்தாமல் கழுவி, காயவிட்டுப் பாருங்கள். மினுக்கு போனால் வேலை முடிந்தது.

போகவில்லையென்றால், யாராவது பாலிஷ் அல்லது வேக்ஸ் போட்டார்களா என்று கேளுங்கள். வாட்டர் சர்வீஸ் கடையில் அக்கறையோடு டேஷ்போர்டு பாலிஷை வெளியிலும் தடவி அனுப்பிவிடுவார்கள். வேக்ஸ் எடுக்கும் திரவத்தைத் துணியில் நனைத்து, ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். முதலில் மறைவான இடத்தில் சோதித்துப் பாருங்கள். என்.சி. பெயின்ட் என்றால் இந்தத் திரவமே பெயின்ட்டைக் கரைக்கக்கூடும்.

அதற்கும் போகாவிட்டால் பெயின்ட்டின் மேல்பரப்பே தேய்ந்து வழவழப்பாகிவிட்டது என்று பொருள். அதைத் திருப்ப முடியாது. ஸ்கிரப்பர் போட்டு லேசாகச் சொரசொரப்பாக்கினால் சரியாகும் என்று சொல்பவர்கள் உண்டு; கேட்காதீர்கள், கீறல்தான் மிஞ்சும். அந்தப் பேனலை விளிம்பிலிருந்து விளிம்புவரை அடிப்பது ஒன்றே வழி. மேட்டில் நடுவில் தொட்டு, ஓரம் கலைத்து அடிக்கும் வேலை நிற்காது.

இந்த இடத்தில் என் கருத்து ஒன்று: கரும்பலகை மாதிரி முற்றிலும் செத்த மேட் கேட்காதீர்கள். மினுக்கைக் குறைக்கக் கலக்கும் மேட் பவுடர் கூடக் கூட பெயின்ட் பலவீனமாகும், கை பட்டாலே மினுக்கும். பக்கவாட்டில் பார்த்தால் லேசான பட்டு மினுமினுப்பு தெரிகிற சாட்டின் ஃபினிஷ் சில அடி தள்ளி நின்றால் மேட்டாகவே தெரியும், அதைவிடப் பல மடங்கு தாங்கும்.

### அடித்த நாளிலிருந்தே பட்டை பட்டையாக

வெயில் சாய்ந்த நேரத்தில் பானட்டை நீளவாக்கில் பாருங்கள். மங்கலும் மினுக்கும் மாறிமாறி, ஸ்பிரே கன் போன வழியிலேயே கோடு தெரிந்தால் அடித்த விதத்தில்தான் குறை.

முதலில் டின். மிச்சப் பெயின்ட் இருந்தால் குச்சியை விட்டு அடியைத் தொட்டுப் பாருங்கள். மேட் பவுடர் அடியில் கெட்டியாகப் படிந்திருந்தால், கலக்காமல் ஊற்றியிருக்கிறார்கள். முதல் கப்பில் பவுடர் குறைவு, கடைசிக் கப்பில் அதிகம். கலக்கும்போது அடியிலிருந்து வழித்துக் கலக்க வேண்டும், கன் கப்பில் ஊற்றிய பிறகும் நடுநடுவே ஆட்ட வேண்டும். ஒன்றுக்கு மேல் டின் வாங்கினால் எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் ஊற்றிக் கலந்த பிறகே அடிக்கத் தொடங்க வேண்டும். பேனலுக்குப் பேனல் மினுக்கு வேறுபடுவதற்கு இதைச் செய்யாததே பெரும்பாலும் காரணம்.

அடுத்து, ஒரு ஓட்டத்தின் மேல் அடுத்த ஓட்டம் எவ்வளவு ஏறியது என்பது. பளபளப்புப் பெயின்ட்டுக்குப் பாதி ஏறினால் போதும், மேட்டுக்கு முக்கால் பங்கு ஏற வேண்டும். கன் தகட்டிலிருந்து 15 முதல் 20 செ.மீ. தூரத்தில், கை வளையாமல், ஒரே வேகத்தில் போக வேண்டும். கன்னின் விசிறி ஒரு பக்கம் கனமாக விழுகிறதா என்று சுவரில் ஒட்டிய காகிதத்தில் குறுக்காக அடித்துப் பாருங்கள். இரண்டு முனையிலும் ஒரே நேரத்தில் ஒழுகத் தொடங்கினால் கன் சரி. ஒரு முனை முந்தினால் கன்னின் முன்மூடியான ஏர் கேப்பைக் கழற்றித் தின்னரில் ஊறவைத்துக் கழுவுங்கள்.

மூன்றாவது அவசரம். முதல் கோட் முழுக்க மங்கிய பிறகே இரண்டாவது கோட் போட வேண்டும். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். ஈரமாக மின்னும் திட்டு ஒன்றுகூட இருக்கக் கூடாது. டின்னில் 15 நிமிடம் என்று போட்டிருந்தாலும், மூட்டமான நாளில் அதற்கு மேலும் ஆகும். உள்ளே அடைபட்ட தின்னர் வெளியேறும்போது அந்த இடம் வேறு மினுக்கில் காயும்.

காரணம் எதுவானாலும் தீர்வு ஒன்றுதான்: முழுதாகக் காயவிட்டு, 600 வாட்டர் பேப்பரில் சீராகத் தேய்த்து, பேனல் முழுவதும் மீண்டும் ஒரு மேட் கோட். பானட், கேபின் கூரை போன்ற அகலமான கிடைத்தளங்களைப் பழக்கமுள்ள பெயின்டரிடம் கொடுங்கள். நடுவில் நிற்காமல் இரு பக்கமும் நடந்து அடிக்கக் கை பழகியிருக்க வேண்டும்.

## அறிகுறி: வெளுத்துவிட்டது

### அடித்த அன்றே பால் படிந்த மாதிரி

மழைக்காலத்தில், குறிப்பாக ஐப்பசி, கார்த்திகையில் என்.சி. மேட் அடித்தால் இது வரும். தின்னர் வேகமாக ஆவியாகும்போது தகடு குளிர்ந்து, காற்றின் ஈரம் பெயின்ட்டின் மேல் படிகிறது. என்.சி. என்றால் நல்ல வெயில் நாளில், ஆவியாவதை மெதுவாக்கும் ரிடார்டர் கலந்த தின்னரை மெல்லிய பனி போல ஒரு ஓட்டம் அடித்துப் பாருங்கள், பல நேரம் தெளிந்துவிடும். 2கே என்றால் தெளியாது. ஹார்ட்னர் ஈரத்தோடு சேர்ந்துவிட்டது, ஊசித்துளைகளும் இருக்கும். காயவைத்துத் தேய்த்து மறுபடி அடிக்க வேண்டும்.

ஈரப்பதம் 85 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கன்னைக் கையில் எடுக்காதீர்கள். தகட்டின் சூடு பனி படியும் வெப்பநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி அதிகமாக இருக்க வேண்டும். கருவி இல்லாதவர்கள் ஈரத்துணியால் தகட்டில் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கால் மணி நேரத்தில் அது காயவில்லையென்றால் அன்று வேலை வேண்டாம்.

### பல மாதம் கழித்து, கை வைத்தால் தூள் வருகிறது

கறுப்பு வண்டி சாம்பலாகிறது, விரலில் மாவு மாதிரி ஒட்டுகிறது. வெயில் பெயின்ட்டின் பசையைத் தின்றுவிட்டது. ஈரமான கறுப்புத் துணியால் ஒரு முறை துடைத்துப் பாருங்கள். கழுவிய பிறகு ஒரு வாரத்துக்கு நிறம் திரும்பி நின்றால் அது வெறும் சாலைப் புழுதி. இரண்டே நாளில் மறுபடி தூள் வந்தால் பெயின்ட் போய்விட்டது. சிந்தெடிக் எனாமலில் மேட் பவுடர் கலந்து அடித்த வண்டிகளிலும், செலவு குறையும் என்று கரும்பலகைப் பெயின்ட் அடித்த வண்டிகளிலும் இதுதான் நடக்கும். தேங்காய் எண்ணெய், டீசல் தடவிக் கறுப்பாக்குவது வேண்டவே வேண்டாம். அடுத்து அடிக்கும் பெயின்ட் அதன் மேல் பிடிக்காது.

நிறம் தரும் 2கே பேஸ் கோட்டின் மேல் நிறமில்லாத 2கே மேட் கிளியர் அடித்த வண்டியில் தூள் வர நெடுங்காலம் ஆகும். வெளியிலேயே நிற்கும் வண்டிக்கு நான் வேறு எதையும் சிபாரிசு செய்வதில்லை. மேட் பவுடர் கிளியரில் மட்டும் இருக்கிறது, நிறம் அதற்கு அடியில் பாதுகாப்பாக இருக்கிறது.

### வெள்ளை வெள்ளையாக வட்டங்கள்

போர் தண்ணீரின் உப்பு. வெயிலில் நிறுத்திக் கழுவி, துடைக்காமல் விட்டால் ஒவ்வொரு துளியும் ஒரு வட்டமாகக் காயும். 2கே வண்டியில் ஒரு பங்கு சமையல் வினிகருக்கு மூன்று பங்கு ஆர்.ஓ. தண்ணீர் கலந்து, துணியில் நனைத்து ஒரு நிமிடம் அந்த இடத்தில் போட்டு வைத்து, நிறையத் தண்ணீரில் அலசுங்கள். என்.சி.யிலும் வெறும் பிரைமரிலும் இதைச் செய்யாதீர்கள். இனிமேல் கடைசி அலசலுக்காவது உப்பில்லாத தண்ணீர் பயன்படுத்தி, துணியால் ஒற்றித் துடையுங்கள். காலையிலோ, நிழலிலோ கழுவுங்கள்.

## அறிகுறி: குமிழ், துருப் புள்ளி, பழுப்புக் கசிவு

மேட் வண்டிகளை உண்மையிலேயே கொல்வது இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

### வண்டி முழுக்கப் பொடிப்பொடியாகப் பழுப்புப் புள்ளி

பிரைமரோடு நிறுத்தியிருக்கிறார்கள். பிரைமர் மேட்டாகத் தெரிவதால், அதுவே ஃபினிஷ் என்று விட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது. சாதாரண பிரைமரும் ரெட் ஆக்சைடும் ஈரத்தை உறிஞ்சும். ஒரு சொட்டுத் தண்ணீரை விட்டுப் பாருங்கள். முத்தாக நின்றால் மேலே நல்ல பெயின்ட் இருக்கிறது. ஓரிரு நிமிடத்தில் அந்த இடம் கறுத்து ஊறினால், தண்ணீர் தகடு வரை போகிறது. இதன் மேலேயே மேட் கிளியரை அடித்து மூடினால் துரு உள்ளேயே தின்னும். பிரைமரைத் தேய்த்து எடுத்துத் தகட்டைப் பார்த்தாக வேண்டும். எபாக்ஸி பிரைமர் என்றால் ஈரத்தை நன்றாகத் தடுக்கும், ஆனால் அதுவும் வெயிலில் மாவாகும். அதன் மேலும் ஒரு பெயின்ட் தேவை.

### சில இடங்களில் மட்டும் குமிழ்

எந்த இடம் என்பதே பாதி பதில். கூரையின் மழைநீர்க் கால்வாய், மட்கார்டும் கேபினும் சேரும் இடுக்கு, படிக்கட்டின் அடி, பேட்டரிப் பெட்டியின் பக்கம், முன் கண்ணாடி ரப்பருக்குக் கீழே: இவைதான் தண்ணீர் தங்கும் இடங்கள். மெல்லிய ஸ்குரூடிரைவர் முனையால் குமிழைக் குத்திப் பாருங்கள்.

உள்ளே உலர்ந்த, பளிச்சென்ற தகடு தெரிந்தால் துரு இல்லை, பெயின்ட் பிடிக்கவில்லை. கீழே ‘செதில் செதிலாக உரிகிறது’ என்ற பகுதியைப் பாருங்கள். பழுப்புத் தண்ணீர் வந்து, தகடு கெட்டியாக இருந்தால் மேல் துரு. 80 பேப்பரில் தகடு வெளுக்கும்வரை தேய்த்து, குழிகளில் மிச்சமிருக்கும் துருவுக்கு பாஸ்பாரிக் அமிலம் உள்ள துரு நீக்கி போட்டு, டின்னில் சொன்னபடி கழுவி, ஹாட் கன்னால் முழுக்க உலர்த்தி, அன்றே எபாக்ஸி பிரைமர் இரண்டு கோட் அடித்துவிடுங்கள். அமிலம் மிச்சமிருந்தால் எபாக்ஸி அதன் மேல் பிடிக்காது, அதனால் கழுவுவதில் சோம்பல் வேண்டாம். ஒரு இரவு திறந்து வைத்தாலும் தகட்டில் மஞ்சள் படிந்துவிடும்.

ஸ்குரூடிரைவர் உள்ளே இறங்கினால் வேலையை அங்கேயே நிறுத்துங்கள். இனி அது தகடு வேலை செய்கிற டிங்கரின் வேலை. பள்ளம் நிரப்பும் பசையான பட்டியையும் ஃபைபரையும் வைத்து அடைப்பது ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். டிங்கரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். பேட்டரி வயரைக் கழற்றி, டீசல் டேங்க்கைத் தள்ளி வைத்துவிட்டுத்தான் வெல்டிங் செய்வாரா? வெல்டிங் வைத்த இடத்தின் பின்பக்கத்துக்கும் பிரைமர் அடிப்பாரா? வெல்டிங் சூட்டில் பின்பக்கப் பெயின்ட் எரிந்து போகும். அதைக் கவனிக்காமல் விட்டால் அடுத்த குமிழ் அங்கிருந்துதான் வரும்.

### தகட்டு இணைப்பில், ஆணி வரிசையில் கோடாக

இது நம் ஊர் மூக்கு லாரிகளுக்கே உரியது. அந்தக் காலத்தில் கம்பெனியிலிருந்து சேசிஸும் முன்மூக்கும் வரும். கேபினை பாடி கட்டுகிறவர்கள் மரச்சட்டம் வைத்து, மேலே தகடு அடித்துக் கட்டினார்கள். மரம் மழையில் உப்பி, வெயிலில் சுருங்கும், தகடும் அதோடு அசையும். இணைப்பின் மேல் பட்டி போட்டு மறைத்திருந்தால் மயிரிழை மாதிரி வெடிப்பு ஓடும். மேட் பெயின்ட்டில் அந்த வெடிப்பு உடனே தெரியாது. தண்ணீர் மரத்துக்குப் போய், ஆணித்தலைகள் துருப்பிடித்துப் பழுப்பு ஒழுகும்போதுதான் தெரியும்.

விரல் நகத்தை இணைப்பின் குறுக்கே ஓட்டுங்கள். தட்டினால் வெடிப்பு. கேபினுக்குள் போய், லைனிங்கைக் கொஞ்சம் விலக்கி மரத்தை மோந்து பாருங்கள், பேனாக்கத்தியால் குத்துங்கள். மரம் கெட்டியாக இருந்தால் இணைப்பில் உள்ள பட்டியைச் சுரண்டி எடுத்து, துருப்பிடித்த ஆணிகளை மாற்றி, பிரைமர் அடித்து, மேலே பி.யு. சீம் சீலன்ட் போடுங்கள். அது ரப்பர் போல நீளும், பட்டி நீளாது. மழமழவென்று ஒரே தகடாகத் தெரிய வேண்டும் என்று ஆசைப்படாதீர்கள். அந்த வண்டியின் இணைப்புக் கோடு தெரிவதுதான் அதற்கு அழகு. மரம் கத்திக்கு நெகிழ்ந்தால், பெயின்ட்டை மறந்துவிட்டு பாடி கட்டும் ஆசாரியைக் கூப்பிடுங்கள். திருச்செங்கோடு, நாமக்கல், சங்ககிரிப் பக்கம் மரக் கேபின் தெரிந்த பழைய கைகள் இன்னும் இருக்கின்றன.

### பட்டி போட்ட இடத்தில் மட்டும்

காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி நகர்த்துங்கள். பிடிப்பு விடுகிற இடத்தில் பட்டி கனமாக இருக்கிறது. பாலியெஸ்டர் பட்டி தண்ணீரை உறிஞ்சும். வெறும் பட்டியைத் தண்ணீர் தொட்டுத் தேய்த்துவிட்டு, அன்றே பெயின்ட் அடித்தால் உள்ளே மாட்டிய ஈரம் வெயிலில் குமிழாகும். எடுத்துவிட்டு, எபாக்ஸி பிரைமரின் மேல் மெல்லியதாகப் பட்டி போட்டு, உலர்வாகவே தேய்க்க வேண்டும்.

## அறிகுறி: செதில் செதிலாக உரிகிறது

உரிந்த துண்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். பின்னால் பிரைமரும் ஒட்டி வந்து, வெறும் தகடு தெரிந்தால் அடியிலேயே பிடிக்கவில்லை. கிரீஸ், மெழுகு, துரு இருந்திருக்கலாம், அல்லது அது இரும்பே இல்லை. காந்தம் ஒட்டவில்லையென்றால் அலுமினியம். ஒட்டியும் தகடு சாம்பல் வெள்ளையாகப் பூப்பூவாக இருந்தால் துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகடு. இரண்டுக்கும் சாதாரண பிரைமர் பிடிக்காது, வாஷ் பிரைமர் வேண்டும். பிரைமர் கீழேயே இருந்து மேல் பெயின்ட் மட்டும் உரிந்தால், தேய்க்காமல் அடித்தது அல்லது பிரைமருக்குச் சொன்ன நேரம் தாண்டி அடித்தது.

மிச்ச இடம் எப்படி இருக்கிறது? பிளேடால் 2 மி.மீ. இடைவெளியில் ஆறு கோடு, அதன் குறுக்கே ஆறு கோடு கீறி, நல்ல ஒட்டும் டேப்பை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுங்கள். ஓரம் மட்டும் லேசாக உதிர்ந்தால் அந்தப் பேனல் நிற்கும். கட்டம் கட்டமாக டேப்போடு வந்தால் அதன் மேல் எதை அடித்தாலும் வீண், முழுதாக இறக்க வேண்டும். கதவு, பானட், மட்கார்டு மூன்றிலும் தனித்தனியே செய்து பாருங்கள். ஒரு பேனல் தோற்றால் வண்டி முழுக்கத் தோற்றது என்று சொல்லிச் செலவு ஏற்ற விடாதீர்கள்.

## அறிகுறி: மீன்கண் மாதிரி குழிகள்

அடிக்கும்போதே பெயின்ட் வட்டமாக விலகும். சிலிக்கான் அல்லது எண்ணெய். கன்னில் பெயின்ட் இல்லாமல் காற்றை மட்டும் ஒரு சுத்தமான கண்ணாடி மேல் ஒரு நிமிடம் அடியுங்கள். ஈரமோ பிசுக்கோ படிந்தால் கம்ப்ரசரிலிருந்து வருகிறது. டேங்க்கின் அடித் திருகைத் திறந்து தண்ணீரை வடித்து, ஃபில்டரை மாற்றுங்கள். கண்ணாடி சுத்தமாக இருந்தால் தகட்டில்தான் பிரச்சினை. அதே ஷெட்டில் டயர் பாலிஷ் அடித்திருந்தால் அதன் பனி எல்லாத் தகட்டிலும் உட்கார்ந்திருக்கும்.

முதல் கோட்டிலேயே தெரிந்தால் நிறுத்துங்கள். கனமாக அடித்து மூடப் பார்க்காதீர்கள். காயவிட்டுத் தேய்த்து, மெழுகு நீக்கும் திரவத்தை ஒரு துணியில் போட்டு, ஈரம் காய்வதற்குள் இன்னொரு உலர்ந்த துணியால் எடுத்துவிடுங்கள். மீன்கண் போக ஊற்றும் மருந்து கடையில் கிடைக்கும், ஆனால் மேட்டில் அது மினுக்கை மாற்றிவிடும்.

## அறிகுறி: சுருங்கி, தோல் மாதிரி எழும்புகிறது

பழைய சிந்தெடிக் எனாமலின் மேல் என்.சி. அல்லது 2கே அடித்திருக்கிறார்கள். புதுப் பெயின்ட்டின் தின்னர் கீழே உள்ளதை ஊறவைத்துத் தூக்கிவிட்டது. ஆரம்பத்தில் சொன்ன துணிச் சோதனை இதற்காகத்தான். சிறிய இடமானால் சுருங்கியதைச் சுரண்டி, ஓரத்தைச் சரித்துத் தேய்த்து, எபாக்ஸி பிரைமர் அடித்துப் பார்க்கலாம். பேனல் முழுக்க என்றால் பெயின்ட் ரிமூவர் போட்டு அடித்தகடு வரை இறக்குவதைத் தவிர வழியில்லை.

## அறிகுறி: சொரசொரப்பு, மணல் ஒட்டிய மாதிரி

தகடு சூடாக இருந்திருக்கலாம். உள்ளங்கையை வைத்து ஐந்து விநாடி வைத்திருக்க முடியாத தகட்டில் பெயின்ட் விழுவதற்கு முன்பே காய்ந்துவிடும். சித்திரை, வைகாசியில் வண்டியை முந்தின நாளே நிழலில் ஏற்றி, காலை ஏழு மணிக்கு அடித்து முடியுங்கள். கோடைக்கென்று மெதுவாக ஆவியாகும் தின்னர் தனியாக உண்டு, அதைக் கேட்டு வாங்குங்கள். தகடு குளிர்ந்திருந்தும் சொரசொரப்பு வந்தால் கம்ப்ரசர் போதவில்லை. கன்னை அழுத்திப் பிடித்தபடி மீட்டரைப் பாருங்கள், முள் இறங்கிக்கொண்டே போனால் பேனலின் கடைசிப் பாதி எப்போதும் மணலாகத்தான் வரும். பஞ்சர் கடைச் சின்னக் கம்ப்ரசரால் லாரி பானட்டை அடிக்க முடியாது, வாடகைக்குப் பெரியது எடுங்கள்.

## அறிகுறி: ஒழுகல், தூசி, முடி

தேய்த்து பஃப் அடிக்க வழியில்லாததால், மேட் கிளியரில் ஒழுகல் விழுந்தால் பேனலை மறுபடி அடிக்க வேண்டும். பேஸ் கோட்டில் தூசி விழுந்தால் பரவாயில்லை, கிளியருக்கு முன் 800 பேப்பரில் எடுத்து, தொட்டு அடித்துவிடலாம். ஒன்றிரண்டு தூசி கடைசிக் கோட்டில் விழுந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். எடுக்கப் போனால் அதைவிடப் பெரிய மினுக்குத் திட்டு விழும்.

## அறிகுறி: கறை

பறவை எச்சத்தின் மேல் ஈரத்துணியைப் பத்து நிமிடம் போட்டு, ஊறிய பிறகு தூக்கி எடுங்கள், சுரண்டாதீர்கள். வெயிலில் ஒரு நாள் விட்டால் அதன் அமிலம் பெயின்ட்டைத் தின்று நிரந்தரமாகப் பதியும். டீசல் சிந்தினால் ஷாம்புத் தண்ணீர் போதும். பிரேக் ஆயில் சிந்தினால் யோசிக்காமல் உடனே தண்ணீரை ஊற்றுங்கள், அது பெயின்ட்டையே உரித்துவிடும்.

## பேனலை மறுபடி அடிக்கக் கொடுக்கும்போது

அதே நிறத்தில், அதே மினுக்கில் வர வேண்டுமென்றால் பெயின்ட்டின் பெயர், ஹார்ட்னர், தின்னர், கலந்த விகிதம், எத்தனை கோட் என்று எழுதி வாங்கி ஆர்.சி.யோடு வைத்திருங்கள். ஹார்ட்னரைக் கூட்டிக் குறைத்தாலே மினுக்கு மாறும். பானட்டைத் தொடும் முன், ஒரு துண்டுத் தகட்டில் அடித்துக் காயவைத்து, வண்டியின் மேலேயே வெயிலில் வைத்து ஒப்பிட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஈரத்தில் பார்த்து முடிவு செய்யாதீர்கள், மேட்டின் உண்மையான முகம் காய்ந்த பிறகுதான் தெரியும்.

நிறத்தையே மாற்றுவதாக இருந்தால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சொல்லி ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும். ராணுவ ஏலத்தில் எடுத்த வண்டிக்குப் பழைய ஆலிவ் பச்சை மேட்டையே அடித்துத் தரச் சொல்லிப் பலர் வருகிறார்கள். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 121-ஆவது விதிப்படி அந்த நிறம் பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டுமே. சாம்பல், மண் நிறம், கறுப்பு, மங்கிய நீலம் என்று எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். 2கே அடித்த வண்டியை டின்னில் சொன்ன நாள்வரை கழுவாமல், கவர் போட்டு மூடாமல், வேப்ப மரத்தடியில் நிறுத்தாமல் வைத்திருங்கள்.